என்னை அறிந்த இருவர்

பெயர் என்ற இடத்தில் ரேணுகாதேவி என்று அடித்தாயிற்று, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அடுத்த வரியில் ஷகிலாவின் பயோடேட்டா ஃபார்மேட் அப்பா பெயரைக் கேட்கிறது, அதற்கடுத்து வீட்டுக்காரர் பெயர், அதற்கடுத்து மதம், கல்யாணம் ஆனதா இல்லையா, பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிக்கிற அதே வரிசை. நான் கேட்டுப் போவது பள்ளிக்கூட பஸ் ஷெட்டில் ஒரு நாற்காலி, மணவறையில் மணை இல்லை என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தேன். பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்த ஷகிலா எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள். ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து அவளிடம் இந்த ஒரு ஃபார்மேட்தான், இந்தப் பக்கத்தில் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் இதில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள். "அதையெல்லாம் அழிச்சீங்கன்னா பக்கம் நெறையாதுங்க்கா" என்றாள். நிறையும் என்றேன். நிறையாமல் எங்கே போகிறது, என்னிடம் எழுத இருக்கிறதை எழுதினால் பக்கம்தான் போதாது. அவள் நம்பவில்லை. ராசியான ஃபார்மேட் என்பதற்கு அவளிடம் சாட்சி இருக்கிறது. ஒரு லேத் பட்டறை ஆளுக்கு அவள் அடித்துக் கொடுத்ததில், அவனுக்கு முன்னால் வந்த டீச்சருடைய பொழுதுபோக்கு அழியாமல் அப்படியே நின்றுவிட்டதாம், பரதநாட்டியம், கோலம் போடுதல். இன்டர்வியூவில் கேட்டதற்கு அவன் அசராமல் மார்கழி மாதம் மட்டும் போடுவேன் சார் என்றானாம், வேலையும் கிடைத்துவிட்டதாம். எனக்கு ராசி வேண்டாம். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பஸ்களுக்கு மேனேஜர் கேட்டிருக்கிறார்கள், விண்ணப்பம் இன்று மதியம் ஒரு மணிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. விளம்பரத்தைப் பார்த்து ஹாஸ்டலில் இருந்து அனுப்பியவள் என் மகள். இதைப் போனிலேயே செய்யலாம் என்றும் சொன்னாள், ஆனால் என் வேலையை நான் நிமிர்ந்து உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்து எழுத வேண்டும், கட்டை விரலால் தடவித் தடவி எழுதுகிற சங்கதியா அது.

குறிக்கோள் என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தையும் வளர்ப்பேன் என்று நாலு வரி, யார் யாரை வளர்ப்பது, அழி. பலம் கடின உழைப்பு, பலவீனம் அதிகமாக உழைப்பது, அழி அழி. பதவியைப் பெருமையாக எழுதாதே, என்ன செய்தாய் என்று எழுது, ஒவ்வொரு வரியும் ஒரு வேலையில் முடியட்டும், படிக்கிறவர் ஒரு பார்வைதான் பார்ப்பார் என்று மகள் சொல்லியிருந்தாள். என்ன செய்தேன். கல்லூரி பஸ்களைப் பார்த்துக்கொண்டேன் என்றால் அது என்ன, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன் என்பது போல. விடிவதற்கு முன்னால் ஷெட்டில் போய் நிற்பேன். வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகும்போது தரை வழியாகக் காலுக்குள் ஏறும் அந்த நடுக்கம், டீசல் வாசனையோடு கலந்து வரும் டிரைவர்களின் விபூதி வாசனை, யார் சரியாகத் தூங்கியிருக்கிறான், யார் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், தூங்காதவனை அனுப்ப மாட்டேன், அவன் எத்தனை கெஞ்சினாலும். இதை எப்படி எழுதுவது. ஓட்டுநர்களின் உடல்நிலையைத் தினமும் சரிபார்த்தேன் என்று எழுதினேன். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த விபூதி வாசனை போய்விட்டது. போகட்டும். ஒருத்தன் கண் டாக்டரிடம் போகும் முன்பே அந்த எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருந்தான், சர்டிபிகேட்டை என்னிடம் நீட்டினான், நான் அவனை ரோட்டுக்குக் கூட்டி வந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த மாரியம்மன் பண்டிகை நோட்டீஸைப் படிக்கச் சொன்னேன், நோட்டீஸில் இல்லாத சாமி பெயரெல்லாம் படித்தான். அவனுக்குக் கண்ணாடி போட வைத்தேன், பார்வைப் பரிசோதனையை முறைப்படுத்தினேன் என்று எழுதினேன். அப்புறம் பவானி ரூட்டில் ஒரு ஸ்டாப், ஒயின் ஷாப்புக்கு எதிரே, அங்கே நாலைந்து பெண் பிள்ளைகள் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நிற்பார்கள், யாரும் ஒரு வார்த்தை புகார் சொன்னதில்லை, ஒருநாள் அந்த பஸ்ஸில் நானே போனபோதுதான் கண்ணில் பட்டது. மறுநாளே கொஞ்சம் தள்ளி பேக்கரி வாசலுக்கு மாற்றினேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு தேங்காய் பன்னோடு ஏறினார்கள், பஸ்ஸெல்லாம் துகள். மாணவியர் பாதுகாப்புக் கருதி நிறுத்தங்களை மாற்றி அமைத்தேன். ஆமாம், நான்தான் மாற்றி அமைத்தேன். இதை அடிக்கும்போது முதுகு தானாக நிமிர்கிறது, நான் இந்த வேலையில் கெட்டிக்காரி, இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

கல்லூரியிலிருந்து வெளியே வந்தபின் என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டும், இடையில் ஓட்டை விட்டால் முதலில் அங்கேதான் கண் போகுமாம். குமரேசனின் பேட்டரி கடையில் பில் போட்டேன். குமரேசன் என் வீட்டுக்காரர், நல்ல மனுஷன், கடைக்கு வருகிறவர்கள் என்னை ஓனரம்மா என்று கூப்பிடும்போது அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும், எனக்கு எரியும். நாள் முழுக்க ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் எப்போது ஊற்ற வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேலை இல்லை. காலையில் கடை வாசலைத் தாண்டி ஏதாவது பள்ளிக்கூட பஸ் போனால் என் காது தானாகப் போய்விடுகிறது, மூன்றாவது கியரில் இழுக்க மாட்டேன் என்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா, படிக்கட்டில் நிற்கிற பையனை உள்ளே போகச் சொல்ல ஆள் இல்லையா. எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். குமரேசன் சிரிப்பார். எனக்கு இந்த வேலை வேண்டும். வீட்டுக்கு ஆகும், மகள் படிப்புக்கு ஆகும் என்றெல்லாம் கடையில் சொல்லிக்கொள்கிறேன், அதுவும் பொய் இல்லை, ஆனால் உள்ளபடி சொன்னால் எனக்கு அந்த ஷெட் வேண்டும், அந்த நடுக்கம் காலுக்குள் ஏற வேண்டும்.

இத்தனையும் எழுதி முடித்து, பக்கம் நிறைந்து, ஷகிலாவே வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கடைசித் தலைப்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். உங்களை அறிந்த இருவரின் பெயரும் போன் நம்பரும், உறவினராக இருக்கக் கூடாது, அவர்களில் ஒருவராவது உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவராக வேண்டும், நாங்கள் கட்டாயம் கூப்பிட்டுப் பேசுவோம். அந்தக் கட்டாயத்தை விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் ஆள் சுலபம், அதே கல்லூரியில் பெண்கள் ஹாஸ்டல் வார்டனாக இருந்த ஜெயசீலி, காலையில் மெசேஜ் போட்டேன், தாராளமாகப் போடு, உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவது ஆள். குமரேசனுக்குப் போன் செய்தேன். இதற்கா யோசிக்கிறாய், நம் தெருவில் இருக்கிற ரிட்டயர்டு தாசில்தாரைப் போடு, எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், பெரிய மனுஷன் பெயரைப் பார்த்தால் கூப்பிடவே மாட்டார்கள் என்றார். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பது உண்மை. ஷகிலாவின் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனை பயோடேட்டாவிலும் ஒரு தாசில்தார், ஒரு கவுன்சிலர், ஒரு டாக்டர், அவர்களில் யாருக்கும் இவர்களில் யாரையும் தெரியாது. எங்கள் தாசில்தாருக்கு என்னைத் தெரியும். தண்ணீர் வராத அன்றைக்கு கேட்டில் நின்று, குமரேசன் சம்சாரம்தானே, உங்கள் வீட்டில் வருகிறதா என்று கேட்பார். என் பெயர் அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு ரேணுகாதேவி எப்படி என்று கேட்டால், யாரது என்பார். வேண்டாம் என்று குமரேசனிடம் சொன்னேன். அப்புறம் யாரைப் போடுவாய், அந்த ஆளையா என்றார். அந்த ஆள் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. வேலைக்குத் தீ வைக்க வேண்டுமென்றால் போடு என்று சொல்லிவிட்டு போனை வைத்தார், கடையில் யாரோ வந்திருந்தார்கள்.

அந்த ஆள் நாச்சிமுத்து சார், கல்லூரியில் நிர்வாக அதிகாரி, எனக்கு மேலே இருந்த ஒரே ஆள். ஆபீசில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த என்னை பஸ் ஷெட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான், பொம்பளை சொல்லி நாங்கள் வண்டி எடுப்பதா என்று டிரைவர்கள் மொத்தமாக வந்து நின்றபோது, அந்த அம்மிணிதான் இனிமேல் பார்க்கும், இஷ்டமில்லாதவன் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒரே வார்த்தை, அதோடு முடிந்தது. என்னை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம், கடைசி நாள் வரைக்கும். கடைசி நாள். மைசூர் டூருக்குப் பிள்ளைகள் பையும் தலையணையுமாக, டிரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு போர்டிகோவில் நிற்கிறார்கள், நல்ல வண்டிகளெல்லாம் கல்லூரிச் சேர்மன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டன, மிச்சம் இருந்தது ஒன்பதாம் நம்பர். இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன், எங்கேயோ புஸ்ஸென்று மெலிசாக ஒரு சத்தம், உள்ளே ஏறிப் பார்த்தால் பிரேக்குக்கான காற்று மீட்டரில் முள் இறங்குகிறது, வேகமாக இல்லை, மெதுவாக, தூக்கம் வந்தவன் தலை மாதிரி. பரவாயில்லை மேடம், ஓட்டிக்கலாம் என்றான் டிரைவர். ஊருக்குள்ளே என்றால் ஓட்டிக்கொள்ளலாம், போவது திம்பம் மலை, ஒவ்வொரு வளைவிலும் மேலே ஏறுகிற லாரியும் இறங்குகிற லாரியும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கிற பாதை. சாரிடம் சொன்னேன். சேர்மன் காதுக்கு டூர் நின்ற சேதி போகக் கூடாது, அனுப்பு என்றார். முடியாது என்றேன். ஷெட்டுக்கே வந்துவிட்டார். சாவி எங்கே என்றார். என்னிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என்னை மேடம் என்று கூப்பிட்டார், சாவியைக் குடுங்க மேடம் என்று, அந்த மேடம் என் முதுகுத்தண்டில் ஏறியது இப்போதும் இருக்கிறது. என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மேஜை மேலிருந்த டிபன் கேரியரை அவரே கையால் நகர்த்தி வைத்துவிட்டு டிராயரையெல்லாம் இழுத்துத் தேடினார். டூப்ளிகேட் சாவி எப்போதோ தொலைந்துபோனது, புதிதாக ஒன்று வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன், இப்போது என்ன அவசரம் என்று தள்ளிப் போட்டவரும் அவரேதான். நான் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் என்னைத் திட்டித் தீர்க்க, நடுவில் நடந்து வெளியே வந்தேன். சாவி அந்தக் கேரியரில், ரச அடுக்குக்குக் கீழே காலியாக இருந்த அடுக்கில் சலங் சலங் என்றது. மறுநாள் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். சொந்தக் காரணம் என்று எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் முள் மாதிரி, பகலில் தெரியாது, சும்மா உட்காரும்போது நெருடும். ஒன்பதாம் நம்பரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனார்கள் என்று கேள்வி. அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாஷர் தேய்ந்திருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை, மைசூர் என்ன, காசிக்கே போயிருக்கலாம் என்று சொல்லியிருந்தால். அந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டிருந்தால். நான் மட்டும் பார்த்த முள். சில நாள் கடையில் பேட்டரிக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தில் அந்தப் புஸ் கேட்கும், கையை நிறுத்திவிட்டுக் கேட்பேன், இருக்கிறதா இல்லையா, இருக்கிறது, இல்லை. சரி, இன்னொரு பக்கம் யோசி, ஒர்க்‌ஷாப்பில் பிரேக்குக்குள் காற்றைத் தாங்குகிற ரப்பர், அந்த டயஃப்ரமே கிழிந்து கிடந்தது என்று சொல்லியிருந்தால், அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த மனுஷன் ரிட்டயராகி கோபிக்குப் போய் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அதை நினைத்தால் அதைவிட ஆத்திரம் வருகிறது. இரண்டில் எது இருந்தாலும் எனக்கு ஆகாது, அதனால்தான் கேட்காமலே இருந்துவிட்டேன் போல. ஷகிலா டீ வைத்துவிட்டுப் போனாள், ஆடை கட்டிவிட்டது. அக்கா, ரெண்டாவது பேர் கெடைக்கலைன்னா எங்க மாமாவைப் போட்டுக்கங்க, ரேஷன் ஆபீஸ்ல பெரிய போஸ்ட் என்றாள். நல்ல மனசு. திரையில் மேலே போய்ப் பார்த்தேன், கல்லூரியை விட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று பழக்கதோஷத்தில் அடித்து வைத்திருக்கிறேன். பக்கம் முழுக்க நான் செய்தது, இந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் சொல்லி எழுதியது. அழித்தேன். பிரேக் சரியில்லை என்று தோன்றிய பஸ்ஸை மலைப்பாதைக்கு அனுப்ப மறுத்தேன். சரியில்லாத பஸ் என்று முதலில் அடித்து, பிறகு சரியில்லை என்று தோன்றிய பஸ் என்று மாற்றினேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதைப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்காரர் அடுத்து யாரைக் கூப்பிடுவார், அனுப்பச் சொன்னவரைத்தானே. அப்படியென்றால் இரண்டாவது பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. தாசில்தாரைப் போட்டு ஒரு வேலை வாங்கி, நாளைக்கு அங்கேயும் ஒரு ஒன்பதாம் நம்பர் முன்னால் நின்று முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால், எந்த முகத்தோடு சொல்வேன். ஜெயசீலியிடம் சாருடைய நம்பர் வாங்கினேன். வாங்கிய கையோடு போன் போட்டுவிட்டேன், யோசித்தால் கை நின்றுவிடும்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டார் என்று நினைத்து நிம்மதி வருகிற நேரத்தில் எடுத்துவிட்டார். சார், ரேணுகாதேவி பேசறனுங்க என்றேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதைக் குறைத்தார்கள், ஒரு இருமல். "சொல்லுங்க மேடம்" என்றார். அதே மேடம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், பள்ளிக்கூடம், வேலை, உங்கள் பெயரைப் போடப் போகிறேன், கூப்பிடுவார்கள், உங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று கூப்பிட்டேன். நான் என்ன சொல்லணும் என்று கேட்டார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்து மறுபடி காதில் வைத்தேன். ஷகிலா ஜெராக்ஸை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள்.

"சாவி எங்க இருந்துச்சு?" என்றார்.

"டிபன் கேரியர்லீங்க சார். ரசத்துக்குக் கீழடுக்குல."

ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியவில்லை. அதை நானேதானே நகர்த்தி வைத்தேன் என்றார், என்னிடம் இல்லை, தனக்குத் தானே. ஆமாங்க சார் என்றேன். மறுபடி டிவி சத்தம், யாரோ மாமா சாப்பிட வாங்க என்று கூப்பிட்டார்கள், வர்றேன் என்றார்.

"ஒர்க்‌ஷாப்புல என்ன சொன்னாங்கன்னு நீ கேக்கவே இல்லியே, அம்மிணி."

அம்மிணி. காதில் அந்த வார்த்தை விழுந்ததும் கண் கரித்துக்கொண்டு வந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. இத்தனை நாள் நெருடிய முள் அங்கே கோபியில் அந்த மனுஷன் வாயில் இருக்கிறது, ஏனுங்க சார் என்று ஒரு வார்த்தை கேட்டால் வந்துவிடும், வாஷரா, டயஃப்ரமா. அன்று காலை ஷெட்டில் நான் நின்றேன், எனக்குக் கேட்டது, முள் இறங்கியதை நான் பார்த்தேன், வெளியே பிள்ளைகள் டிரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் கையில் இருந்தது அவ்வளவுதான், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது என் கையில் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டா அன்றைக்குச் சாவியை ஒளித்தேன்.

"வேண்டாங்க சார். அவங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் சாவியக் குடுத்திருக்க மாட்டனுங்க."

"அதான் உங்கிட்ட இருக்கற கோளாறு" என்றார். "சொன்ன பேச்சக் கேக்க மாட்ட. மேல இருக்கறவன் யாரா இருந்தாலும் வண்டிய உட மாட்டீன்னா உட மாட்ட. அவங்க கூப்பிட்டா நான் அதத்தான் சொல்லுவேன், பாத்துக்க."

"அதையே சொல்லுங்க சார்" என்றேன்.

வைத்துவிட்டார். மணி ஒன்றாக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இரண்டாவது பெயருக்கு நேரே நாச்சிமுத்து என்று அடித்தேன். உங்களை எந்த வகையில் அறிந்தவர் என்று அடுத்த கட்டம் கேட்டது, மேலதிகாரி என்று அடித்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே ஷகிலாவை அனுப்பச் சொன்னேன்.